மடி என்பது சீட் பெல்ட் அல்ல



பொங்கல் நெருங்குகிறது. "சார், இந்த வருஷம் ரயில் டிக்கெட் கிடைக்கல, கார்லயே வர்றோம்" என்று இதுவரை ஐந்தாறு பேர் போனில் சொல்லிவிட்டீர்கள். உறவிலும் மூன்று குடும்பம் சென்னையிலிருந்து காரில் வருகிறது. கைக்குழந்தையோடு வருபவர்களும் இருக்கிறீர்கள். வாருங்கள், சந்தோஷம். கிளம்பும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். குழந்தையோடு காரில் ஏறும்போது இரண்டு விஷயங்களில் சமரசமே கூடாது. ஒன்று, குழந்தைக்கென்று தனி இருக்கை. இரண்டு, டயரில் சரியான காற்று. இந்த இரண்டையும் வற்புறுத்த வேண்டியவர்கள் இளம் பெற்றோர் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களான நாமும்தான்.

ஏன் பெரியவர்கள் என்கிறேன்? என் மாணவர்கள் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அங்கே குழந்தை பிறந்து மருத்துவமனையிலிருந்து காரில் வீட்டுக்குக் கூட்டிவரும் முதல் பயணத்திலேயே கார் சீட் தயாராக இருக்கும். அதே குழந்தை விடுமுறைக்கு இங்கே வந்து, விமான நிலைய வாசலில் காரில் ஏறியதும் தாத்தா மடிக்குப் போய்விடுகிறது. "பச்சப்புள்ளய கட்டிப்போட்டா கொண்டுவருவாங்க? இங்க குடு" என்று பாட்டி கை நீட்டினால் மருமகள் என்ன பேச முடியும்? நியூஜெர்சியில் தினமும் செய்ததைத் திருநெல்வேலியில் செய்ய முடியாமல் போவதற்குச் சாலை காரணமில்லை. நம் பேச்சுதான் காரணம்.

மடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். நியூட்டனின் முதல் விதி, நிலைமம். கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் உள்ளே இருக்கும் குழந்தையும் அதே 50-ல்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதாவது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். கார் எதிலோ மோதி நின்றுவிடும், குழந்தை நிற்காது.

10 கிலோ எடையுள்ள குழந்தை. அந்த வேகம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பூஜ்ஜியமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்குங்கள். சுமார் 1,400 நியூட்டன் வரும். அதாவது ஏறக்குறைய 140 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை. அரிசி மூட்டை தூக்குபவரால்கூட அமர்ந்த நிலையில், எதிர்பாராத அந்தக் கணத்தில், 140 கிலோவைப் பிடித்து நிறுத்த முடியாது. "நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்பது பாசத்தில் வரும் பேச்சு. பாசத்துக்கு அத்தனை நியூட்டன் கிடையாது.

வேறு விதமாகவும் பார்க்கலாம். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. நாலு வழிச் சாலையில் 100-ல் போகும்போது அது 40 மீட்டர். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்கச் சொன்னால் அலறுவோம். காரில் மட்டும் அது நமக்குத் தெரிவதில்லை.

சில அப்பாக்கள் ஒரே பெல்ட்டைத் தன்னையும் மடியில் உள்ள குழந்தையையும் சேர்த்துப் போடுகிறார்கள். இது இன்னும் மோசம். மோதும்போது அப்பாவின் முழு எடையும் பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவே இருக்கும் குழந்தையை நசுக்கும். முன் சீட்டில் மடியில் வைப்பதும் அப்படித்தான். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. அதன் எதிரே பச்சைக் குழந்தை இருக்கவே கூடாது.

சரி, எந்தக் குழந்தைக்கு எந்த இருக்கை?

பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால்தான் கைக்குழந்தையின் சீட்டைக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, பின் சீட்டில் பொருத்தச் சொல்கிறார்கள். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட் ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி 15 மாதம் வரை இது கட்டாயம். அந்த சீட்டுக்கான எடை, உயர வரம்பு முடியும் வரை அப்படியே வைத்திருங்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அதன் பிறகு முன்னோக்கிய சீட், அதில் தோளிலும் இடுப்பிலும் வரும் வார்கள். அதுவும் சின்னதாகிவிட்டால் பூஸ்டர் சீட். சுமார் 145 செ.மீ. உயரம் வரும் வரை பூஸ்டர் தேவை. பெரியவர்களின் பெல்ட் குழந்தையின் வயிற்றிலும் கழுத்திலும் படாமல், இடுப்பெலும்பிலும் தோள் நடுவிலும் படிய வேண்டும். பூஸ்டரின் வேலை அவ்வளவுதான்.

சீட்டை வாங்கிப் பின் சீட்டில் சும்மா வைத்தால் போதாது. ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உள்ள காரில் 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்துங்கள். அவை இல்லாத காரில் சீட் பெல்ட்டால் கட்டும் வகை சீட் வாங்குங்கள். கட்டிய இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திர மதிப்பீடு, குழந்தைகளுக்குத் தனி மதிப்பீடு. ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் வைத்துத்தான் மோதவிடுகிறார்கள். "அஞ்சு ஸ்டார் வண்டி சார்" என்று பெருமைப்படுபவர்கள் கவனியுங்கள். அந்த நட்சத்திரம் இருக்கையில் கட்டப்பட்ட குழந்தைக்குக் கிடைத்தது, மடியில் இருந்த குழந்தைக்கு அல்ல.

பலன் எவ்வளவு? கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண அபாயத்தைச் சரியான இருக்கை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. இப்படி ஒரு மருந்து இருந்தால் வரிசையில் நின்று வாங்குவோம்.

இனி டயருக்கு வருகிறேன். குழந்தை சீட்டைப் பற்றிப் பேசும்போது டயர் எதற்கு என்று கேட்கலாம். 2000-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். ஓடும்போதே மேல்பட்டை உரிந்து, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காற்றழுத்தம் போதாமல் ஓடியதும் அப்போது பெரிய விவாதமானது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் 13-வது பிரிவு டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி பற்றியது. அடுத்த 14-வது பிரிவு குழந்தை இருக்கைகளை மேம்படுத்துவது பற்றியது. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. டயர் விபத்து வராமல் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறி வந்துவிட்டால் இருக்கை குழந்தையைக் காக்கும்.

வகுப்பில் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? வளைத்த இடம் சுடும். காற்று குறைந்த டயரிலும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. சாதாரண கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினான்கு மடங்கல். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் உள்ளே சேரும் சூடு ரப்பரையும் நூல் அடுக்குகளையும் பிரித்துவிடும். 'வெயில்ல டயர் வெடிச்சிருச்சு' என்று நாம் பழியை வெயில் மேல் போடுகிறோம். வெயில் மட்டும் காரணமில்லை. பல நேரம் முதல் குற்றவாளி குறைந்த காற்று.

ஆகவே, வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற பழக்கம் தவறு. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்புகிறீர்கள். ஓடி ஓடி டயருக்குள் 60 டிகிரி ஆனால், வாயு விதிப்படி அழுத்தம் 37, 38 காட்டும். அது இயல்பு, டயர் அதற்கேற்பத்தான் செய்யப்பட்டிருக்கிறது. வழியில் பங்கில் நிறுத்தி, 'அதிகமா இருக்கு' என்று 33-க்கு இறக்கினால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 29-தான் இருக்கும். அதில் ஆறு பேரும் ஐந்து பெட்டியும் ஒரு கட்டுக் கரும்பும் ஏறும்!

எனவே காற்றைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். மார்கழிக் காலை இதற்கு நல்ல நேரம். பங்கில் பையன் "எவ்ளோ சார்?" என்று கேட்டால் "எல்லாத்துக்கும் 35 வை" என்று சொல்லாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஊருக்கு வரும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அந்த முழுப் பார எண். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதை வைத்துக் காற்று அடிக்கக் கூடாது.

"எங்க வண்டியில டயர் லைட் எரியும் சார்" என்பீர்கள். அமெரிக்க விதியிலேயே அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 33 இருக்க வேண்டிய டயரில் 25-க்கு வந்த பிறகுதான் அது எரியலாம். விளக்கு எரியவில்லை என்றால் காற்று சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. நைட்ரஜன் அடித்தவர்களும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் சொல்வான்: "எல்லாரும் நாலு டயரைத்தான் பாக்கச் சொல்றாங்க, ஸ்டெப்னியைப் பாருன்னு யாரும் சொல்றதே இல்ல சார்." ஸ்டெப்னியையும் பாருங்கள். டயரில் கடைசியாக உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரை நம்ப வேண்டாம்.

இனி வழக்கமான மறுப்புகள்.

"குழந்தை அழுகிறான்." அழுவான். தடுப்பூசிக்கும்தான் அழுகிறான், போடாமல் விடுகிறோமா? வண்டியை ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் தூக்கி வைத்திருந்து, மறுபடி சீட்டில் உட்கார வையுங்கள். முதல் நாளிலிருந்தே பழகிய குழந்தை அதில்தான் நன்றாகத் தூங்கும்.

"அவ்வளவு விலையா?" சில ஆயிரம் ஆகும். காதுகுத்துக்குப் பந்தலும் ஃப்ளெக்ஸும் வைக்க ஆகும் செலவை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாமன் சீர் கொண்டுவருபவர்களே, இந்த முறை தட்டில் ஒரு கார் சீட்டும் இருக்கட்டும்.

"நாங்க எல்லாம் இப்படியா வளர்ந்தோம்? எங்களுக்கு என்ன ஆச்சு?" நாம் வளர்ந்தது ஐம்பதில் ஓடிய அம்பாசிடரிலும் டவுன் பஸ்ஸிலும். அதிலும், தப்பித்தவர்கள்தான் இன்று உட்கார்ந்து இப்படிச் சொல்கிறோம். தப்பிக்காத பிள்ளைகள் வந்து பதில் சொல்ல மாட்டார்கள்.

"வாடகைக் காரில் சீட் இருக்காதே." உண்மைதான். உங்கள் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள், பெல்ட்டால் கட்டும் வகையை எந்தக் காரிலும் பொருத்தலாம். முடியாவிட்டால் ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் ரயிலில் வாருங்கள். கரும்பு காத்திருக்கும்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. ஓடும் காரின் சன்ரூஃப் வழியாக ஒரு குட்டிப் பயல் தலையை நீட்டிக் கை அசைக்கிறான். நாற்பது பேர் இதயம் போட்டிருந்தீர்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு திடீர் பிரேக் போதும் என்பது மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இனி அப்படிப் படம் வந்தால் இதயம் போடாதீர்கள். அந்தத் தகப்பனுக்குப் போன் செய்யுங்கள்.

பின் சீட்டில் உட்காரும் பெரியவர்களும் பெல்ட் போடுங்கள். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில்தான். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. பெல்ட் போடாத தாத்தா, மோதும்போது பக்கத்தில் இருக்கும் பேரன் மேலேயே போய் விழுவார்.

புது வண்டி எடுத்தால் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி, நான்கு டயரிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். செய்யுங்கள், தப்பில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பும் சாமி கும்பிட்டுவிட்டே கிளம்புங்கள். அப்படியே காற்றைப் பார்ப்பதும், பேரனை சீட்டில் உட்கார வைத்து வாரை இறுக்குவதும் வழக்கமாகட்டும். அதைத் தாத்தாவோ பாட்டியோ தன் கையால் செய்தால் வீட்டில் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். இன்று மாலை உங்கள் கார் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படித்து, முழுப் பாரத்துக்கான எண்ணை போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் கேட்பேன்.

பத்திரமாக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்