சத்திரத்துக்கு ஒரு சித்திரம்

பழைய நாளில் நம் நாட்டுச் சத்திரங்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகும் பாதையில், யாத்திரிகன் நடந்து களைத்துப் போகும் இடத்தில் அவை இருந்தன. தஞ்சை மன்னர் சரபோஜி 1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை ஏற்படுத்தியபோது, அதன் அழகைப் படம் போட்டுக் காட்டி எவரையும் அழைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. பசித்தவனுக்குச் சோறும் களைத்தவனுக்குத் திண்ணையும் கிடைக்கும் என்ற செய்தி வழிப்போக்கர் வாய்மொழியாகவே பரவிவிட்டது. காசு கேட்காத சத்திரத்துக்குக் கீர்த்தி ஒன்றே போதும். காசு கேட்கும் விடுதியின் நிலைமை வேறு. கொடுக்கப் போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று பிரயாணி முன்கூட்டியே கேட்கிறான். அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்வது புகைப்படம்.

பிரயாணி இப்போது வீட்டை விட்டுக் கிளம்பு முன்பே தான் படுக்கப் போகும் கட்டிலைப் பார்த்துவிடுகிறான். கைபேசியில் பத்து விடுதிகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒன்றில் விரலை நிறுத்துகிறான். அந்த ஒரு கணத்தில் விடுதியின் வியாபாரம் தீர்மானமாகிவிடுகிறது. வீட்டு அறைகளை வாடகைக்கு அமர்த்திக் கொடுக்கும் ஏர்பிஎன்பி என்ற அமெரிக்க ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் நொடித்துப் போகும் தறுவாயில் இருந்தது. அதை நடத்தியவர்கள் நல்ல காமிராவுடன் நியூயார்க் நகரத்தில் வீடு வீடாகச் சென்று அறைகளைப் படம் எடுத்துப் போட்டார்கள்; வாராந்தர வருமானம் விரைவிலேயே இரட்டித்தது. இதை அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அறைகள் மாறவில்லை, மாறியது படம்தான். இதில் நாம் சந்தோஷப்பட வேண்டியதும் உண்டு, ஜாக்கிரதைப்பட வேண்டியதும் உண்டு.

பழைய மாளிகையை விடுதியாக்கிக் காப்பாற்றும் யோசனை புதியது அன்று. ஸ்பெயின் தேசத்துச் சர்க்கார் 1928-ல் கிரேதோஸ் மலைப்பகுதியில் தன் முதல் விடுதியைத் திறந்தது. அதன் பின் பாழடைந்து கிடந்த கோட்டைகளையும் மடங்களையும் விடுதிகளாக்கி இன்றும் நடத்தி வருகிறது. நம் நாட்டில் உதயபுரி ஏரியின் நடுவிலுள்ள அரண்மனை 1963-ல் விடுதியாயிற்று. ராஜஸ்தானத்து நீம்ரானாக் கோட்டை 1464-ல் கட்டப்பட்டது. இடிபாடாகக் கிடந்த அது பழுது பார்க்கப்பட்டு 1991-ல் விருந்தாளிகளை வரவேற்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்த முயற்சிக்கு உரிய இடம் எது என்று கேட்டால், எவரும் தயங்காமல் செட்டிநாட்டைத்தான் சுட்டுவார்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள அந்தக் கிராமங்களில் ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. திண்ணை, முகப்பு, வானம் பார்த்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக் கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலேறி வந்து இந்த வறண்ட பூமியில் இறங்கின. வளவைச் சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கூரையில் விழும் மழை முழுவதும் வளவில் வந்து சேரும்; ஊருக்குள் விழும் மழை ஊருணியில் போய்ச் சேரும். கட்டியவர்கள் கடல் கடந்து பொருளீட்டினாலும் தண்ணீரின் அருமையை மறக்கவில்லை.

பொருள் வந்த வழி அடைபட்டபோது வீடுகளின் கதி மாறியது. 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. 1948-ல் பர்மாவில் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி ஏற்பட்ட பிறகு வங்கிகளும் வியாபாரங்களும் சர்க்காரின் கைக்குப் போயின. குடும்பங்கள் சென்னைக்கும் அயல் தேசங்களுக்கும் கலைந்தன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள்; ஓடு மாற்றும் செலவுக்கு முன்வருபவர் ஒருவருமில்லை. ஓட்டின் இடுக்கில் ஒழுகும் தண்ணீர் உத்தரத்தை அரித்த பிறகு, நிலைக்கதவும் தூணும் விலைக்குப் போகின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் மரணச் செய்தி. 2014-ல் இந்திய சர்க்கார் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அது கௌரவந்தான், ஆனால் கௌரவம் ஒழுகலை அடைக்காது.

ஒழுகலை அடைக்கும் பணம் விருந்தாளியிடமிருந்து வரக்கூடும். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் அவ்வாறு பிழைத்த வீடுகள் இருக்கின்றன. காசியிலே பிறருக்குச் சத்திரம் கட்டிய நகரத்தாரின் சொந்த வீடுகளே இன்று சத்திரமாகிப் பிழைக்கின்றன என்பது காலத்தின் வேடிக்கை. ஆகவே விடுதிக்கு எடுக்கும் படத்தை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டின் ஆயுள் அதில் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். படத்தில் எது விழுகிறதோ அதற்கே பணம் போகும். முகப்பையும் வளவையும் மட்டுமே படம் எடுத்தால், முகப்புக்கும் வளவுக்கும் மட்டுமே வருஷந்தோறும் வர்ணம் பூசுவார்கள். அடுப்படியின் சுவர் பின்னால் சாய்ந்துகொண்டிருக்கும். நாளடைவில் வீடு நாடகக் கொட்டகையின் திரையாகிவிடும். முன்னால் அரண்மனை, பின்னால் மூங்கில் கழி. எனவே வீட்டைக் காப்பாற்ற விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, காமிராவை வீட்டின் பின்கட்டுக்கும் கொண்டு போவது. மாவரைத்த ஆட்டுக்கல், சமையற்காரர் நிற்கும் அடுப்பு, தெருக்கோடி ஊருணி இவையெல்லாம் படத்தில் இடம்பெறட்டும். ஊருணியைப் படத்தில் பார்த்து வந்த விருந்தாளி ஊருணி எங்கே என்று கேட்பார். அப்படிக் கேட்கும் ஆள் இருக்கும் வரையில் அதைத் தூர்வாரும் நினைவும் ஊருக்கு இருக்கும்.

இனிப் படம் எடுக்கும் முறை. வளவில் நடுப்பகலில் படம் எடுப்பது வீண் வேலை. வானம் வெள்ளையாக எரியும்; சுற்றுத் தாழ்வாரம் கரியாகிவிடும். நம் கண் இரண்டையும் ஒருங்கே கண்டு சமன் செய்துகொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. சூரியன் ஏறுமுன் காலையிலும், அஸ்தமனத்துக்குப் பின் ஏறக்குறைய 20 நிமிஷமும் வானத்து ஒளியும் விளக்கொளியும் சம எடைக்கு வருகின்றன. அந்த நேரத்தில் குழல் விளக்கையும் மஞ்சள் பல்பையும் சேர்த்து எரிய விடலாகாது. சுவரின் ஒரு பாதி பச்சையாகவும் மறு பாதி காவியாகவும் தெரியும். காமிராவை முக்காலியில் மார்பளவு உயரத்தில், முன்னும் பின்னும் சாயாமல் நிறுத்த வேண்டும். அண்ணாந்து எடுத்தால் தேக்குத் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல் சாய்ந்துகொள்ளும்.

லென்ஸ் விஷயத்தில் சபலம் அதிகம். 16 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டினால் 10 அடி அறை கல்யாண மண்டபமாகிவிடும். படத்தைப் பார்த்து மூன்று குழந்தைகளோடு வரும் குடும்பம், கதவைத் திறந்ததும் பெட்டியை எங்கே வைப்பது என்று திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு மறுநாளே அவர்கள் எழுதும் அபிப்பிராயத்தில் வெளிவரும். அவர்கள் எடுத்த படமும் கூடவே வரும். இக்காலத்தில் ஒவ்வொரு விருந்தாளியும் காமிராவோடுதான் வருகிறார் என்பதை விடுதிக்காரர் மறக்கலாகாது. அறையில் ஒரு மனிதன் நின்றால் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே படத்திலும் தெரிந்தால் போதும்.

அலங்கார விஷயத்துக்கு வருவோம். எந்த ஊர் விடுதிக்குப் போனாலும் வாசலில் ஓர் உருளி, அதில் தண்ணீர், தண்ணீரில் செவ்வந்திப் பூ. உருளி மலையாளத்து அடுப்பில் பாயசம் காய்ச்சிய பாத்திரம். அது அழகில்லை என்று நாம் சொல்லவில்லை. செட்டிநாட்டு முகப்பில் அதற்கு என்ன வேலை என்றுதான் கேட்கிறோம். இங்கே வைக்க இந்த ஊர்ப் பொருளுக்குப் பஞ்சமா? பனையோலையில் முடைந்த கொட்டான் இருக்கிறது. கண்டாங்கிச் சேலை இருக்கிறது. பரணில் எனாமல் பாத்திரங்கள் இருக்கின்றன. பல்லாங்குழியும் ஊஞ்சலும் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அறையில் குவித்தால் அது பழம்பொருள் கடையாகிவிடும். ஓர் அறைக்கு ஒன்றிரண்டு போதும். அதுவும் அந்த வீட்டில் எந்த இடத்தில் புழங்கியதோ அந்த இடத்தில். மற்றொரு வீட்டை இடித்து விற்ற தூணை வாங்கி இங்கே நிறுத்தினால், ஒரு வீட்டின் உயிரை எடுத்து மற்றொரு வீட்டுக்கு அலங்காரம் செய்ததாகும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து வர்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, உறைந்த பின் நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்புக் கல்லுக்கு வந்துவிடுகிறது. கால் பட்டுப் பட்டு மெருகு கூடுகிறது. படத்துக்காகத் தரையில் தண்ணீரைக் கொட்டிப் பளபளப்புக் காட்டுவது அவசியமே இல்லை. சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் கல்லின் சொந்த ஒளியே போதுமானது. அந்தக் கல்லைக் கையால் வார்க்கும் தொழிலாளியின் படமும் விடுதியின் படங்களோடு இருந்தால், விருந்தாளி ஆத்தங்குடிக்கும் ஒரு நடை போவார். அந்தக் கைத்தொழிலுக்கும் இரண்டு காசு சேரும்.

மனிதர்களைப் படத்தில் சேர்ப்பது அழகு. ஆனால் வேலைக்கார அம்மாளுக்குப் பட்டுச் சேலை உடுத்தி, பதினோரு மணி வெயிலில் கோலம் போடச் சொல்வது அழகன்று. கோலம் விடியற்காலையில் போடப்படுகிறது. படம் எடுப்பவர் விடியற்காலையில் எழுந்திருக்கட்டும். அந்த அம்மாளிடம், இந்தப் படத்தை உலகமெல்லாம் பார்க்கும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எடுக்கட்டும். கூலி கொடுப்பவருக்கு உழைப்பின்மேல்தான் பாத்தியதை, முகத்தின்மேல் இல்லை.

படம் சொல்லாததை எழுத்துத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வரி இருக்கட்டும்: அறையின் நீள அகலம் எத்தனை அடி, ஏற வேண்டிய படிகள் எத்தனை, படம் எடுத்த மாதம் எது. மார்கழியில் எடுத்த படத்தைப் பார்த்துச் சித்திரையில் வருபவருக்கு அந்த மூன்றாவது வரி பெரிய உபகாரம். நம் விடுதிக்காரர்கள் குளியலறையைப் படம் எடுக்கக் கூச்சப்படுகிறார்கள்; வயோதிகத் தாயாரை அழைத்துக்கொண்டு வருபவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.

இவையெல்லாம் தர்மோபதேசம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் நினைவில் வைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குவோரை மயக்கும் பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே விருந்தாளியின் முகம் தீர்ப்பளித்துவிடுகிறது. வாசலில் வந்து இறங்குபவர், படத்தில் கண்டது இதுதான் என்று முகம் மலர்ந்தால் அந்த வீட்டுக்கு நல்ல காலம். முகம் சுருங்கினால், எத்தனை லென்ஸ் மாற்றினாலும் அது விரியாது.

கடைசியாக, விடுதி நடத்தும் உத்தேசமே இல்லாத குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம். செட்டிநாடாயினும் சரி, காவிரிக் கரையாயினும் சரி, பூர்வீக வீடு ஒன்று பூட்டிக் கிடந்தால், அடுத்த கல்யாணத்துக்கோ குலதெய்வப் படையலுக்கோ பங்காளிகள் கூடும்போது, அலங்காரம் எதுவும் செய்யாமல் வீட்டை உள்ளபடியே அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள். கதவின் சிற்பம், தூணின் போதிகை, ஒழுகும் மூலை எதையும் விட வேண்டாம். எடுத்த படங்களை எல்லாப் பங்காளிகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஒழுகும் மூலையை எல்லோரும் பார்த்துவிட்டால், ஓடு மாற்றும் பேச்சை யாராவது ஒருவர் எடுப்பார். செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சு அதைத் தொடர்ந்து வரும்.