பெயர் சூட்டுமுன்

சென்ற ஆண்டு விடுதியில் என் அடுத்த அறை நண்பருக்குக் காமாலை கண்டது. கண்கள் மஞ்சளித்தன, சோற்றைக் கண்டாலே குமட்டல். ஏ, பி, சி, ஈ என்று ஈரலைத் தாக்கும் வைரஸ்களுக்குரிய சோதனைகள் எல்லாம் நடந்தன. எதுவும் இல்லை என்றே முடிவு வந்தது. ஆறு வாரத்தில் அவர் தேறிவிட்டார். எனினும் என்னைக் காணும்போதெல்லாம், "வைரஸ் ஆராய்ச்சி செய்கிறீர்கள், எனக்கு வந்த நோய்க்கு ஒரு பெயராவது சொல்லக் கூடாதா?" என்பார்.

அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், நண்பர்களே, பெயர் சூட்டும் அவசரம் பொல்லாதது.

2013-ஆம் ஆண்டில், இவரைப் போலவே காரணம் தெரியாத ஈரல் அழற்சி கண்ட சீன நோயாளிகளின் இரத்தத்தில் புதிய சிறு டி.என்.ஏ. வைரஸ் ஒன்று இருப்பதாக அறிவிப்பு வெளிவந்தது. சோதித்த நோயாளிகள் 90 பேரில் 63 பேரிடம் அது இருந்தது. நலமாயிருந்த 45 பேரில் ஒருவரிடமும் இல்லை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? நானாயிருந்தால் அன்றே விடுதி முழுவதற்கும் மிட்டாய் வழங்கியிருப்பேன்! ஆனால் அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சிறு குழாயில் சிலிக்கா வடிகட்டி ஒன்று உண்டு. அதில் இரத்தமே விடாமல் வெறும் தண்ணீரை விட்டாலும் அந்த 'வைரஸ்' வந்தது! சிலிக்கா ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்பாசியோடு அது வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நோயாளிகளின் ஈரலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

உண்மையாகவே மனித உடலில் வாழும் வைரஸும் நம்மை ஏமாற்றும். 1997-இல் ஜப்பானில், இரத்தம் ஏற்றிக்கொண்டபின் ஈரல் அழற்சி கண்ட ஒருவரிடம் டி.டி. வைரஸ் கிடைத்தது. பிறகு பார்த்தால், நலமாயிருப்போரில் பெரும்பாலோரிடமும் அது குடியிருக்கிறது! எந்த நோய்க்கும் அதுவே காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. இதற்கு மாறான கதையும் உண்டு. 1975-இல் லண்டனில் நலமான இரத்தக் கொடையாளரிடம் தற்செயலாகக் கிடைத்தது பார்வோ வைரஸ் பி19. அரிவாள் செல் நோயாளிகளிடம் புதிய சிவப்பணு உண்டாவது திடீரென நின்றுபோவதற்கு அது காரணம் என்பது 1981-இல்தான் தெரிந்தது. ஆறு ஆண்டுகள் அது தன் நோயைத் தேடிக் காத்திருந்தது எனலாம்.

என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சியின் முதலாண்டில் ஒரு நாள், எதுவும் தோன்றக் கூடாத தண்ணீர்க் குழாயின் வரிசையில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. படத்தில் அந்த வரிசையை மட்டும் வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் உறக்கமில்லை. மூன்றாம் நாள் பேராசிரியரிடம் சொன்னேன். மூன்று வார உழைப்பு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அவர் திட்டவில்லை, பாராட்டவுமில்லை.

பாராட்டியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. புதிதாகக் கண்டவனுக்கு மாலை போடுகிறோம். கண்டது பொய் என்று காட்டியவனை வம்புக்காரன் என்கிறோம். தவறான பெயரை நம்பி மருந்து தேடப் புறப்பட்டால் ஆண்டுகளை இழப்பவர் நோயாளியே அல்லவா?

நம் சங்கக் கூட்டங்களில் ஒரு மாலையைத் தோற்றுப்போன சோதனைகளுக்கென்றே ஒதுக்கலாம். முதலில் பேச நான் வருகிறேன், அந்தக் கோடு விழுந்த படத்துடன். அடுத்த அறை நண்பரையும் அழைத்து வருவேன். அவர் கேள்விக்கு என் விடை இன்னும் "தெரியவில்லை" என்பதுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை.