நிலம் ஆடினால் வீட்டைக் காப்பது மூட்டுதான்

பத்தாங் பெர்ஜுந்தாய்: "மலேசியாவுக்கு நிலநடுக்கம் வராது" என்ற பழைய நம்பிக்கை கடந்த ஆண்டுகளில் ஆட்டம் கண்டுவிட்டது. 2025 மார்ச் 28ஆம் தேதி மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் பேங்காக்கில் கட்டுமானத்தில் இருந்த உயர்மாடிக் கட்டடம் சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி ஜொகூர், சிகாமட்டில் 4.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது.

கோலசிலாங்கூருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கடலுக்கு அக்கரையில் சுமத்ரா. 2022 பிப்ரவரி 25ஆம் தேதி அங்கு நிலம் நடுங்கியபோது சிலாங்கூரிலும் அடுக்குமாடிகள் ஆடின. தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளைக் கடலோரக் களிமண் பெரிதாக்கும். ஒற்றை மாடி லயன் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. தோட்டத்தைவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அப்படியல்ல.

கட்டடம் ஆடும்போது தூணும் உத்திரமும் சேரும் மூட்டில்தான் விசை குவிகிறது. மூட்டுக்குள் கம்பி வளையங்கள் நெருக்கமாக இல்லையென்றால் அது குறுக்காக வெடிக்கும். உத்திரம் முதலில் வளைய வேண்டும். தூண் நிற்க வேண்டும். இதுதான் அடிப்படை விதி.

உயர்வலிமைக் கான்கிரீட் அதிகச் சுமை தாங்கும். ஆனால் உடைந்தால் திடீரென உடையும். இழுத்து இறுக்கிய எஃகு வடங்கள் கொண்ட முன்தகைவு உத்திரம், ஆட்டம் நின்றதும் கட்டடத்தை நேராக்கும். ஆனால் ஆட்டத்தின் விசையை அதிகம் உள்வாங்காது. அதனால் இரண்டையும் சேர்த்தார்கள்: சாதாரணக் கம்பி நீண்டு விசையை விழுங்கும், வடம் மீண்டும் நிமிர்த்தும். 1999இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஐந்து மாடி மாதிரியில் இது சோதிக்கப்பட்டது. பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் 39 மாடிக் கட்டடமே இம்முறையில் எழுந்தது.

2015இல் சபா, ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். நிலநடுக்க வடிவமைப்புக்கான மலேசியத் தேசிய இணைப்பு 2017இல் வந்தது. அதற்கு முந்திய பெரும்பாலான கட்டடங்கள் இதைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை அல்ல. அதற்காக அவை சிறு அதிர்வுக்கே விழும் என்று பொருளல்ல.

புது வீடு வாங்குவோர், மூட்டுகள் அந்த விதிப்படி அமைந்தனவா என்று மேம்பாட்டாளரைக் கேட்கலாம். பழைய அடுக்குமாடியில் இருப்போர், தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் சாய்வான விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் சாயம் அடித்து மறைக்காமல் பொறியாளரை அழைக்க வேண்டும். பூச்சு வெடித்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். மூட்டு வெடித்தால் வீடே கேள்விக்குறி.