நாளுக்கொரு புனிதர்

தறிக்குழியில் இறங்கும் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு நீண்ட தியானத்துக்கு நேரம் ஏது? கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் இழை இழையாகப் பூட்டும்போது கண் அகலக் கூடாது. விசுவாசியான தொழிலாளிக்கு ஏற்றது, காலையில் அன்றைய புனிதரின் வரலாறு ஒரு பக்கம், ஒரு சிறு செபம். அதுவே போதும் என்பேன். புனிதர்கள் துறவிகள், குடும்பஸ்தருக்கு எட்டாதவர்கள் என்பார்கள். ஆனால் புனிதர் தேவசகாயம் துறவியல்ல, மணமானவர், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளர். 1745-இல் திருமுழுக்குப் பெற்றார்; 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022-இல் புனிதரானார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியது அவர்மீது பகையை மூட்டியது. புனிதர் வணக்கம் கிறிஸ்துவை மறைக்கிறது என்ற குற்றச்சாட்டு, வேண்டுதலோடு நின்றுவிடும் பக்திக்குப் பொருந்தலாம். வரலாற்றை வாசிக்கும் பக்தியோ நம்மையே கேள்வி கேட்கிறது: சனவரி 14, தேவசகாயத்தின் திருநாளன்று, நம் வீட்டுப் பந்தியில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்காருகிறார்களா?