வெற்றி பெற்றதும் வானத்தைப் பார்த்தார்!

அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் நடுவே பெர்முடா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட தீவு. அங்கே போர்ட் ராயல் என்ற கோல்ப் மைதானம் உண்டு. மைதானத்தின் ஓரத்திலேயே கடல். காற்று ஓயாமல் அடிக்கும்.

2023-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் பந்தயத்தின் கடைசி நாள். கடைசிக் குழியில் பந்து விழுந்தது. அடித்தவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கண்களில் நீர் நிறைந்துவிட்டது.

அவர் பெயர் கமிலோ வியேகாஸ். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டுக்காரர். அப்போது வயது 41.

கோப்பை வாங்கிய வீரர் கண் கலங்குவது புதிதல்ல. ஆனால் இவர் வானத்தைப் பார்த்ததற்குக் காரணம் வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தன் பெண் குழந்தையை அவர் அங்கே தேடினார்.

சிலந்தி மனிதன்

கோல்ப் ஆட்டம் நம் ஊர்களில் அதிகம் பேர் பார்த்திராத ஆட்டம். சிறு பந்தைக் கோலால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்யவேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். பெரிய பந்தயங்களில் பெரும்பாலும் நாலு நாளில் நாலு சுற்று. யார் குறைந்த தடவை அடித்து முடிக்கிறாரோ, அவருக்கே வெற்றி.

வியேகாஸ் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர். குழிக்கு அருகே பந்து வந்ததும், பூமியோடு பூமியாகப் படுத்து, தரையின் மேடு பள்ளத்தைக் கூர்ந்து பார்ப்பார். அதனால் ரசிகர்கள் அவருக்கு ‘சிலந்தி மனிதன்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2008-ல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்கள் இரண்டில் அடுத்தடுத்து வென்றார். அமெரிக்கப் பந்தய வரிசையில் வென்ற முதல் கொலம்பியர் அவர்தான். உலக வரிசையில் 7-வது இடம் வரை போனார்.

2014-க்குப் பிறகு அதிர்ஷ்டம் மாறியது. வெற்றி வரவில்லை. தோள்பட்டையில் காயம் வேறு. இந்த ஆட்டத்தில் மாதச் சம்பளம் என்பது கிடையாது. பெரும்பாலான பந்தயங்களில், முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் பின்தங்கியவர்கள் பரிசுப் பணம் இல்லாமலேயே ஊர் திரும்பவேண்டும். போக்குவரத்துச் செலவு, தங்கும் செலவு, பை தூக்கி வரும் உதவியாளருக்குக் கூலி எல்லாம் ஆட்டக்காரர் தலையில்தான். டெலிவிஷனில் பச்சைப் புல்லைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

இடி விழுந்தது

2018-ல் வியேகாஸ் தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மியா என்று பெயர் வைத்தார்கள்.

2020-ன் தொடக்கத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மூளையிலும் முதுகுத் தண்டிலும் கட்டிகள்! புற்றுநோய்! குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆபரேஷன் நடந்தது. கடுமையான மருந்துகள் கொடுக்கப்பட்டன. உலகமெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைபட்டிருந்த சமயம் அது. மற்ற ஆட்டக்காரர்கள் பந்தயம் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தபோது, வியேகாஸ் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கதை உண்டு. மயாமி நகரில் உள்ள அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, கோல்ப் ஆட்டத்தின் மாமன்னர் என்று போற்றப்படும் ஜாக் நிக்லஸ் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வயதுகூட ஆகாத அவருடைய மகளின் மூச்சுக் குழாயில் வண்ண மெழுகுக் குச்சியின் துண்டு சிக்கிக்கொண்டது. டாக்டர்கள் பாடுபட்டுக் குழந்தையைக் காப்பாற்றினார்கள். அன்றே நிக்லஸும் அவர் மனைவியும், தங்களால் முடிந்த காலத்தில் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதை நிறைவேற்றியும் காட்டினார்கள்.

நிக்லஸின் குழந்தை பிழைத்தது. வியேகாஸின் குழந்தை பிழைக்கவில்லை. 2020 ஜூலை மாதம் மியா கண்ணை மூடினாள். வயது 22 மாதம்.

சக ஆட்டக்காரர்கள் வானவில் நிற நாடாவைக் குத்திக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இரண்டே வாரம்

துக்கத்தோடு வியேகாஸ் மறுபடியும் கோலைக் கையில் எடுத்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2023 விதிப்படி, அந்த ஆண்டுப் பட்டியலில் முதல் 125 பேருக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டு முழு உரிமையோடு ஆட முடியும். அவர் அதற்கு வெகு தூரத்தில் இருந்தார்.

நவம்பர் முதல் வாரம் மெக்சிகோவில் பந்தயம். யாரும் எதிர்பாராதபடி வியேகாஸ் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அங்கே அவரை முந்தி வென்றவர் தென் ஆப்பிரிக்காவின் எரிக் வான் ரூயன். அவரும் அழுதார். கல்லூரியில் தன்னோடு ஆடிய நண்பர் புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்ததே காரணம்.

அடுத்த வாரம் பெர்முடா. மூன்று நாள் முடிவில் சுவீடன் வீரர் அலெக்ஸ் நோரன், வியேகாசைவிட ஒரே ஒரு அடி முன்னால் இருந்தார். கடைசி நாளில் வியேகாஸ் 65 தடவை அடித்துச் சுற்றை முடித்தார். நாலு நாளும் சேர்த்து 260. நோரனைவிட இரண்டு குறைவு. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வெற்றி! பரிசு 11 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் கோடி ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஆடும் உரிமையும் கைக்கு வந்தது.

இந்த ஆட்டம் தனக்கு எவ்வளவோ கொடுத்தது, உதைக்கவும் செய்தது, வாழ்க்கையும் அப்படியேதான் என்ற கருத்துப்பட அவர் பேசினார்.

பணம் இருந்தும்...

துக்கத்தை வென்றுவிட்டார் என்று சொல்வது சுலபம். அது சரியல்ல. 2011-ல் வட அயர்லாந்து வீரர் டேரன் கிளார்க் பிரிட்டிஷ் ஓபன் கோப்பையை வென்றபோதும் இப்படித்தான் பேசினார்கள். அவருடைய மனைவி 2006-ல் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். தாயில்லாத இரண்டு பையன்களுக்குக் கோப்பை வந்தது, தாய் வரவில்லை.

வியேகாசிடம் பணம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கைதேர்ந்த டாக்டர்கள் இருந்தார்கள். அப்படியும் குழந்தை பிழைக்கவில்லை. சில கட்டிகள் அவ்வளவு கொடியவை.

ஆனால் உலகத்தில் இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. பிழைக்கக்கூடிய குழந்தைகள், சிகிச்சை எட்டாததால் சாகிறார்கள்! ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் சிறுவர் சிறுமியருக்குப் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் இவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட பிழைப்பதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதம், செலவுக்கு வழியில்லாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது, இவையெல்லாம் காரணம்.

குழந்தைக்கு நாள் கணக்கில் தீராத காய்ச்சல், காலையில் தலைவலியோடு வாந்தி, தள்ளாடும் நடை, உடம்பில் புதிய கட்டி, கண்ணின் பாப்பாவில் வெள்ளைப் பளபளப்பு ஆகியவை தெரிந்தால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலும் அது சாதாரண நோயாகவே இருக்கும். இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

வியேகாசும் அவர் மனைவி மரியாவும், ‘மியாவின் அற்புதங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். கஷ்டத்தில் உள்ள குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் அது உதவுகிறது. பெர்முடா வெற்றிக்கு முன்பே தொடங்கிய வேலை அது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்காத நாட்களிலும் நடந்தது.

2021 டிசம்பரில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மத்தேயோ. பெர்முடாவில் தகப்பனார் கோப்பை வாங்கியபோது, அவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அக்காள் இறந்தபோது அவளுக்கு இருந்த வயதுதான், ஏறக்குறைய.