கிடங்கின் உள்ளே என்ன இருக்கிறது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் நோக்கிச் செல்வோர் தொழிற்சாலைகளுக்கு இணையாகக் கிடங்குகளையும் காணலாம். வெளியே எல்லாம் ஒரே மாதிரியான தகரக் கூரைகள். உள்ளே இருப்பது வாகன உதிரிபாகமா, வண்ணப்பூச்சா, லித்தியம் மின்கலமா என்பதை உரிமையாளர் அறிவார். தீப்பிடித்த இரவில் முதலில் நுழைய வேண்டிய தீயணைப்பு வீரர் அறிவாரா?

2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் கலசமகால் தீப்பற்றியபோது, கூரை இடிந்து ஒரு வீரர் உயிரிழந்தார். பெண் அதிகாரி ஒருவர் படுகாயமடைந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரித் தீயின்போது சிலிண்டர் வெடித்ததில் ஒரு வீரர் மாண்டார். 2020 தீபாவளி இரவில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கையில் பழைய கட்டடம் சரிந்து இருவர் பலியாயினர். கூரை, சிலிண்டர், சுவர்: மூன்றுமே தீ மூளும் முன்னரே குறித்து வைக்கக்கூடிய விவரங்கள்.

பொருளியலில் இதனைப் புறவிளைவு என்போம். இடைவழியை அடைத்துச் சரக்கை அடுக்குபவருக்கு வாடகை மிச்சம். அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவர். சீனாவின் தியான்ஜின் துறைமுக ரசாயனக் கிடங்கு 2015 ஆகஸ்டில் வெடித்தபோது இறந்தோரும் காணாமல் போனோரும் 173 பேர். அவர்களுள் 104 பேர் தீயணைப்பு வீரர்கள்.

சட்டம் இதை அறியாததன்று. போபால் பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலைகள் ஆபத்து விவரங்களை வெளியிடவும், அவசரகாலத் திட்டம் வகுக்கவும் கட்டாயப்படுத்தியது. 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இக்கடமை உண்டு. ஆனால், உற்பத்தி ஏதுமின்றிச் சரக்கை மட்டும் வைத்திருக்கும் கிடங்கு 'தொழிற்சாலை' என்னும் வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. (திட்டங்களைக் காகிதத்தில் தயாரிப்பதில் நம் தொழிற்பேட்டைகள் பின்தங்கியவை அல்ல, நள்ளிரவில் அந்தக் கோப்பு இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் என்பதே கேள்வி.)

உயிரிழப்பு நேர்ந்தால் அரசு இழப்பீடும் வாரிசுக்கு வேலையும் அறிவிக்கிறது. இது வேண்டியதே. எனினும், இழப்பீடு அடுத்த வீரருக்கு எதையும் கற்பிப்பதில்லை. அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-இல் தொடங்கிய திட்டம், பணியில் மாண்ட தீயணைப்பாளர்களின் மரணங்களை ஆராய்ந்து, பரிந்துரைகளுடன் பொதுவில் வெளியிட்டு வந்திருக்கிறது. குற்றவாளியைத் தேடுவது அதன் நோக்கமன்று. அதனால்தான் உடன் பணியாற்றியோர் மனம் திறந்து பேச முடிகிறது.

தமிழ்நாடும் இவ்வழியில் தொடங்கலாம். சரக்குப் பட்டியல், கட்டட வரைபடம், மின் இணைப்பைத் துண்டிக்கும் இடம் ஆகியவை அடங்கிய பெட்டியொன்று ஒவ்வொரு கிடங்கின் வாயிலிலும் இருக்க வேண்டும். சரக்கு மாறும்போது பட்டியலும் மாற வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்றைப் புதுப்பிக்க இதனை நிபந்தனையாக்கலாம். உள்ளூர் நிலைய வீரர்கள் ஆண்டுக்கொரு முறையாவது உள்ளே நடந்து பார்ப்பதற்குரிய ஆள்பலத்தை அரசு அளிக்க வேண்டும். செலவைக் கிடங்கு உரிமையாளர்களிடமே கட்டணமாக வசூலிக்கலாம். ஆபத்தை உருவாக்குவோர் அதற்கான விலையையும் கொடுப்பதுதானே முறை?