பெட்டிக்கொரு நீள்வட்டம்: ஒரு மறுப்பு

இலக்கியம் பேசும் இடத்தில் மென்பொருள் வரைபடங்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இங்கே எழுதுகிறவர்களில் சிலருக்கும் வாசிக்கிறவர்களில் பலருக்கும் பகல்நேரப் பிழைப்பு அந்த வரைபடங்களோடுதான் நடக்கிறது என்பது ஒரு பதில். மொழிபெயர்ப்பில் எது தொலைகிறது என்று நாம் ஓயாமல் வாதிடுகிறோம். இதுவும் அப்படியொரு வாதம்தான் என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலே எங்களுக்கு முக்கியம்.

விஷயத்தை முதலில் எளிமையாகச் சொல்லிவிடுகிறோம். ஓர் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் செயல்பாட்டு வரைபடமாக வரைகிறார்கள். முனை மழுங்கிய பெட்டி ஒவ்வொன்றும் ஒரு செயல். அம்புக்குறி அடுத்த செயலைக் காட்டும். சாய்சதுரம் வந்தால் அங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்று பொருள். யார் பொறுப்பு என்பதைச் சொல்ல நெடுக்குக் கோடுகளால் தடங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். இது தொழிலின் மொழி. கணினி அமைப்புக்கு வேறொரு மொழி உண்டு. ஒருவர் அமைப்பின் முன் அமர்ந்து எந்தப் பயனைப் பெற்று எழுகிறாரோ அதற்கு யூஸ் கேஸ் என்று பெயர், நீள்வட்டமாக வரைவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த இவார் ஜேக்கப்சன் 1987இல் இதை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். 1992இல் வந்த அவரது நூல் இதைப் பரப்பியது. 1997இல் யூஎம்எல் ஒரு பொதுத் தரமாக ஏற்கப்பட்டபோது இரண்டு வகை வரைபடங்களும் ஒரே குடையின்கீழ் வந்தன. எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் போன்ற மாதிரியாக்க மென்பொருள்களில் ஒரு பெட்டியிலிருந்து ஒரு நீள்வட்டத்துக்குப் புள்ளிக்கோடு இழுத்து, அதன்மேல் ‘டிரேஸ்’ என்று எழுதிவிட்டால் இரண்டும் இணைந்துவிட்டதாகக் கணக்கு. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதை அட்டவணையாகவும் அந்த மென்பொருளே காட்டும்.

இந்த அட்டவணையைச் சுற்றி ஒரு மதமே உருவாகியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நீள்வட்டம் இருந்தாக வேண்டும். காலியான வரிசை என்றால் ஆய்வு முடியவில்லை என்று பொருள். வரிசைகள் நிரம்பினால் கையொப்பமிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இந்தக் கோட்பாட்டை நாங்கள் மறுக்கிறோம். இது சோம்பேறித்தனத்துக்கு ஒழுங்கின் வேடம் இடுகிறது என்பது எங்கள் குற்றச்சாட்டு.

முதலில், இரண்டு மொழிகளின் அலகுகள் வேறு. யூஸ் கேஸ் எழுதும் கலையைப் பற்றி நூல் எழுதிய அலிஸ்டர் காக்பர்ன், பயனரின் இலக்கு நிறைவேறும் மட்டத்தைக் கடல்மட்டம் என்கிறார். ஒருவர், ஒரே அமர்வில், இரண்டு முதல் இருபது நிமிடங்களுக்குள் முடிக்கக்கூடிய காரியம் என்பது அவர் தரும் அளவுகோல். ஒரு கடன் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம் பெறுதல், அடையாளச் சான்று பார்த்தல், வருமானச் சான்று பார்த்தல், எண் வழங்குதல் என்று நான்கு பெட்டிகள் இருக்கும். எழுத்தருக்கோ அது ஒரே வேலை: விண்ணப்பத்தைப் பதிவுசெய்தல். நான்கு பெட்டிகளுக்கு ஒரு நீள்வட்டம் போதும். மறுபுறம், ‘கடனைப் பரிசீலித்தல்’ என்று மேலதிகாரி போட்ட ஒற்றைப் பெட்டிக்குள் ஐந்து யூஸ் கேஸ்கள் ஒளிந்திருக்கலாம். பெட்டியின் பெயரையே நகலெடுத்து நீள்வட்டத்தில் ஒட்டுகிறவர், அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் கவிதை பெயர்க்கிறவருக்கு உறவினர். வரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும். கவிதை இருக்காது.

இரண்டாவதாக, தடங்களின் விஷயம். செயல்பாட்டு வரைபடத்தில் ‘கணக்குப் பிரிவு’ என்று ஒரு தடம் இருந்தால், அந்தப் பெயரை அப்படியே எடுத்து யூஸ் கேஸ் வரைபடத்தில் குச்சி மனிதனாக நிறுத்திவிடுகிறார்கள். பிரிவு எதுவும் திரைமுன் வந்து உட்காருவதில்லை. உட்காருகிறவர் ஓர் எழுத்தர். அல்லது அவர் விடுப்பில் இருக்கும்போது அவர் வேலையையும் சேர்த்துச் செய்பவர். அல்லது அவர்கள் இருவரையும் தணிக்கை செய்பவர். மூவருக்கும் வேண்டியது வேறுவேறு. தடம் பொறுப்பைச் சொல்கிறது. யூஸ் கேஸில் வரும் பாத்திரம் தேவையைச் சொல்கிறது. இந்த வித்தியாசம் மறைந்தால் மனிதரும் மறைகிறார்.

மூன்றாவதுதான் எங்களை எழுதவைத்த காரணம். எந்த நீள்வட்டத்தோடும் இணைய மறுக்கும் பெட்டிகள் சில உண்டு. எங்களில் ஒருவர் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், கடன் கேட்டவரின் வீட்டுக்குக் கள அலுவலர் நேரில் சென்று விசாரிப்பதாக ஒரு பெட்டி இருந்தது. அதற்கு இணைப்பு இல்லை. அட்டவணையில் அந்த ஒரு வரிசை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் ஆய்வுக் கூட்டம். இரவோடு இரவாக ‘விசாரணை விவரங்களைப் பதிவுசெய்தல்’ என்று ஒரு நீள்வட்டம் வரையப்பட்டது, கோடு இழுக்கப்பட்டது, கூட்டம் மகிழ்ச்சியோடு கலைந்தது. பிறகு அந்த நீள்வட்டம் ஒரு படிவமாயிற்று. கூரை எவ்வகை, அறைகள் எத்தனை, இருசக்கர வாகனம் உண்டா இல்லையா. இருபது ஆண்டு அனுபவமுள்ள அந்த அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் அவர் மனத்தில் தட்டும் ஐயத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அவரது நம்பிக்கைக்கும் இல்லை. காலியாக இருந்தவரை அந்த வரிசை ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிரப்பிய பிறகு அது பொய் சொல்லத் தொடங்கியது.

இதில் என்ன பெரிய இழப்பு என்பவர்கள் பிரிட்டனின் அஞ்சல் துறையைப் பார்க்கட்டும். ஃபுஜிட்ஸு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பு 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது. கிளையை நடத்துபவர் கையிருப்பை எண்ணிப் பார்ப்பார். கணினி சொல்லும் தொகையோடு ஒப்பிடுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்ன? கணினி தவறாக இருக்கலாம் என்பது அந்தச் சாய்சதுரத்தின் ஒரு கிளை. முன்பு, தகராறுக்குரிய தொகையைக் கிளையிலேயே தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க ஒரு வழி இருந்தது. 2005இல் அது நீக்கப்பட்டது. அதன்பின் குறைந்த தொகையைத் தாமே செலுத்தலாம், அல்லது மையத்தில் தீர்த்துக்கொள்வதாக ஏற்கலாம். அப்படி ஏற்றது கடனாகவே நடத்தப்பட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த கணக்குக் காலத்துக்குள் போக முடியவில்லை. ‘இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை’ என்று சொல்ல அமைப்புக்குள் அப்போது வழி எதுவும் இருக்கவில்லை. தொலைபேசியில் உதவி மையத்தை அழைக்க வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பு இதை விரிவாகப் பதிவுசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாம் தீர்ப்பு, அமைப்பில் பிழைகள் இருந்ததையும் அவை கிளைக் கணக்குகளில் குறைவை உண்டாக்கக்கூடியவை என்பதையும் நிறுவியது. அதற்குள் 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டிருந்தார்கள். அத்தீர்ப்புகளை மொத்தமாக ரத்துசெய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஒரு வரைபடத்தால் மட்டும் இந்த அநீதி நிகழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பிழையை மறைத்ததும், வழக்குத் தொடுத்ததும், ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்றதும் மனிதர்கள். நாங்கள் சொல்வது இதுதான்: தொழிலில் ‘மறுத்தல்’ என்றொரு செயல் இருந்தது, அமைப்பில் அதற்கு யூஸ் கேஸ் இருக்கவில்லை. பெட்டிகளை மட்டும் நீள்வட்டங்களோடு இணைக்கும் நமது வழக்கத்தில் இத்தகைய இடைவெளி ஒருபோதும் கண்ணில் படாது. ‘ஏற்றல்’ பெட்டியில் இருக்கிறது. அதற்குக் கோடு இழுத்தாயிற்று. ‘மறுத்தல்’ சாய்சதுரத்திலிருந்து வெளியேறும் ஓர் அம்பில் மட்டுமே இருக்கிறது. அம்புக்கு யாரும் கோடு இழுப்பதில்லை. அட்டவணை நூற்றுக்கு நூறு காட்டும்.

எதிர்வாதங்கள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. நாளை தொழில்முறை மாறினால் மென்பொருளில் எது மாற வேண்டும் என்று அறிய இந்த இணைப்புகள் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதற்காகத்தான் இணைப்பில் பொருள் இருக்க வேண்டும் என்கிறோம். யூஎம்எல் விவரக்குறிப்பே ‘டிரேஸ்’ உறவைப் பெரும்பாலும் முறைசாராதது என்றுதான் வரையறுக்கிறது. அந்தப் புள்ளிக்கோடு எதையும் நிரூபிப்பதில்லை. இரண்டுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று ஒருவர் கருதியதை மட்டுமே அது சொல்கிறது. அந்தக் கருத்தைச் சான்றிதழாக்கியவர்கள் நாம். கருவியைக் குறை சொல்லாதீர்கள் என்பார்கள் வேறு சிலர். சரி. ஆனால் இணையாத பெட்டிகளைத் தேடிக் குறையாகப் பட்டியலிடப் பழகிய நாம், இணையக் கூடாத பெட்டிகளை நிறைவாகப் பதிவுசெய்யப் பழகவில்லையே, ஏன்? வரைபடமெல்லாம் பழங்கதை, இப்போது அட்டையில் இரண்டு வரி எழுதினால் போதும் என்பவர்களும் உண்டு. அந்த அட்டையிலாவது மறுப்பவரின் கதை எழுதப்படுகிறதா என்று அவர்களைக் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. பல பெட்டிகளுக்கு ஒரு யூஸ் கேஸும் ஒரு பெட்டிக்குப் பல யூஸ் கேஸ்களும் அமைவதை இயல்பாக ஏற்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின்மீதும், ஏன் இந்த இணைப்பு என்று ஒரே ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்தக் கோட்டை அழித்துவிடலாம். சாய்சதுரங்களிலிருந்தும் அவற்றின் ஒவ்வொரு அம்பிலிருந்தும் இணைப்பு தேட வேண்டும். யூஎம்எல் அதற்குத் தடை எதுவும் விதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியான வரிசைக்கு மரியாதை வேண்டும். ‘இங்கே மனிதர் தீர்மானிக்கிறார், இதைக் கணினி தொட வேண்டாம்’ என்று எழுதி, எழுதியவர் தம் பெயரையும் போடட்டும்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் திரையில் அந்த அட்டவணை விரியும்போது, நிரம்பிய கட்டங்களை யாராவது எண்ணத் தொடங்குவார். நம் நண்பர்களில் ஒருவராவது எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும்: கணினி சொல்வதை ஒத்துக்கொள்ளாதவர் இந்தப் படத்தில் எங்கே போவார்? பதில் இல்லையென்றால் கையொப்பமிட வேண்டாம்.